நாய்களிடம் வாங்கிய கடன்



சென்ற மழைக்காலத்தில் நமது சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பி பிளாக் இரண்டாம் மாடியில் வளர்க்கும் நாய் நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு விடாமல் சத்தம் போடுகிறது, வயதானவர்கள் தூங்க முடியவில்லை, சங்கம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

கடிதத்தைப் படித்த அந்த வீட்டு டீச்சர் அம்மா சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காலை லிஃப்ட் அருகே என்னை நிறுத்தி, "சார், ஜிம்மி குரைக்கலை, இருமுறான். நாலு மாசமா இருமல் மருந்து கொடுத்துப் பார்த்துட்டேன், நிக்கலை. நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். துணைக்கு யாராவது வந்தா நல்லா இருக்கும்" என்றார்.

நான் போனேன். மனசு உறுத்தியதால் போனேன் என்றும் சொல்லலாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்றும் சொல்லலாம். அங்கே ஜிம்மிக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக ஒரு மெல்லிய கறுப்புக் குழாயை உள்ளே விட்டார்கள். டாக்டர் அனுமதித்ததால் கதவருகே நின்று திரையைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சுரங்கப்பாதை தெரிந்தது. அதன் கூரை, நனைந்த துணி தொங்குவதுபோல் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது ஏறி இறங்கியது. "நாலில் மூணு பங்கு அடைஞ்சு போயிருக்கு, பாருங்க. மீதி ஒரு பங்கு வழியிலதான் இவன் மூச்சு விடுறான்" என்றார் டாக்டர்.

நாங்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தது, ஒரு ஜீவன் மூச்சுக்குப் போராடிய சத்தத்தின் மேல்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கறுப்புக் குழாயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் வணிகவியல் படித்தவன், மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு கணக்கில் யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பது பல வருடப் பழக்கம். இந்தக் குழாயின் 200 வருட வரலாற்றிலும் அப்படி ஒரு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆரம்பம்

உயிரோடு இருக்கும் உடம்பின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு தேவை. ஒன்று வழி, இன்னொன்று வெளிச்சம். வழியைக் கடவுளே கொடுத்திருக்கிறார். வாய், மூக்கு, காது என்று துவாரங்கள் இருக்கின்றன. வெளிச்சம்தான் பெரிய பிரச்சினை.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிலிப் பொஸ்ஸினி என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1806இல் அவர் ஒரு கருவி செய்தார். ஒரு சிறிய கூண்டு, உள்ளே ஒரு மெழுகுவத்தி, அதன் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு குழாய். அதற்கு 'ஒளி கடத்தி' என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார். வியன்னாவில் அதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அங்கிருந்த மருத்துவப் பெரியவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சல் தொற்றி, 1809இல் 35 வயதிலேயே பொஸ்ஸினி இறந்துபோனார். கருவியும் அலமாரிக்குள் போனது.

அடுத்து வருகிறவர் மருத்துவரே இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். லண்டனில் குரலிசை கற்பித்துக்கொண்டிருந்த மானுவல் கார்சியா என்ற ஸ்பானியருக்கு, பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசை. 1854இல், பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் விழச் செய்தார். தன்னுடைய குரல்வளை திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். மறு வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. அவர் 101 வயது வரை வாழ்ந்து 1906இல் காலமானார். தொண்டை மருத்துவர்கள் இன்றும் அவரைத் தங்கள் முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

ஆனால் கண்ணாடியில் தெரிவது குரல்வளை வரைக்கும்தான். அதற்குக் கீழே?

வாள் விழுங்குபவரும் பன்றி எலும்பும்

1868இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்தில் அடால்ப் குஸ்மால் என்ற மருத்துவப் பேராசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. வித்தை காட்டுபவர் வாளை வாய் வழியாக வயிறு வரை விடுகிறாரே, அப்படியென்றால் வாய் முதல் வயிறு வரை ஒரு நேர்க்கோடு கிடைக்கத்தானே செய்கிறது? வாள் விழுங்கும் கலைஞர் ஒருவரை அழைத்து, வாளுக்குப் பதிலாக 47 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயை விட்டுப் பார்த்தார். குழாய் போய்விட்டது. ஆனால் அன்று இருந்த விளக்கின் வெளிச்சம் அவ்வளவு தூரம் போகவில்லை. வழி கிடைத்தது, வெளிச்சம் கிடைக்கவில்லை.

அது உணவுக்குழாய். மூச்சுக்குழாய் விஷயம் இன்னும் கடினம். ஒரு துளி தண்ணீர் தவறிப் போனாலே நமக்குப் புரையேறி உயிர் போய் உயிர் வருகிறது. அங்கே ஒரு குழாயை விட்டால் யார் தாங்குவார்கள்? அதனால் அந்த வழியில் கருவி எதுவும் போக முடியாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1884இல், கோக்கெய்ன் கரைசலைத் தடவினால் அந்த இடம் மரத்துப்போகும் என்று வியன்னாவில் கார்ல் கோலர் என்ற கண் மருத்துவர் காட்டினார். அது தொண்டை மருத்துவர்களுக்கும் கைகொடுத்தது. 1895இல் பெர்லினில் ஆல்பிரட் கிர்ஸ்டைன், கண்ணாடி இல்லாமல் நேரடியாகவே குரல்வளையைப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

இந்த இரண்டையும் சேர்த்தவர் அதே பிரைபர்க் நகரத்து குஸ்டாவ் கில்லியன். முதலில் தன் மருத்துவமனைக் காவலாளி ஒருவரின் சம்மதத்தோடு அவர் மூச்சுக்குழாயில் சோதித்துப் பார்த்தார். பிறகு 1897இல் 63 வயது விவசாயி ஒருவர் வந்தார். சாப்பிடும்போது பன்றி எலும்புத் துண்டு ஒன்று தவறி, வலது பக்க மூச்சுக் கிளைக்குழாயில் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. கில்லியன் தொண்டையை மரக்கச் செய்து, ஒரு நேரான உலோகக் குழாயை உள்ளே விட்டு, அதன் வழியாக ஒரு இடுக்கியை விட்டு எலும்பை வெளியே எடுத்தார். கழுத்தையோ மார்பையோ கீறவில்லை. 'பிராங்கோஸ்கோபி' என்று நாம் இன்று சொல்லும் மூச்சுக்குழாய்ப் பரிசோதனை பிறந்தது அன்றுதான்.

கடன் எழுதப்பட்ட இடம்

இனி நம் கணக்குக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1865இல் பிறந்தவர் செவாலியர் ஜாக்சன். 'செவாலியர்' என்பது சிவாஜி கணேசனுக்குக் கிடைத்ததைப் போன்ற பட்டம் அன்று, அவருடைய பெயரே அதுதான். அவரிடம் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தைகள். ஊக்கு, பொத்தான், காசு, ஆணி, வேர்க்கடலை என்று எதையாவது விழுங்கிவிட்டோ உள்ளே இழுத்துவிட்டோ வருவார்கள். அந்நாளில் அமெரிக்க வீடுகளில் சோப்பு காய்ச்சவும் பாத்திரம் கழுவவும் கடுங்காரம் வைத்திருப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும். குழந்தைகள் அதை வாயில் போட்டு, உணவுக்குழாய் வெந்து சுருங்கி, தண்ணீர்கூட இறங்காமல் வருவார்கள். அப்படி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடைப்பை நீக்கியபின், அவள் ஒரு டம்ளர் தண்ணீரைப் பயந்து பயந்து குடித்ததை ஜாக்சன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடுங்கார டப்பாக்களின் மேல் விஷம் என்று அச்சிட வேண்டும் என்று பல வருடம் அலைந்து, 1927இல் அதற்கு ஒரு மத்தியச் சட்டமே வரச் செய்தார்.

கில்லியனின் குழாயில் வெளிச்சம் வெளியே இருந்து வந்தது. ஜாக்சன் ஒரு சின்ன மின்விளக்கைக் குழாயின் உள்முனையிலேயே பொருத்தினார். இருட்டில் வாசலில் நின்று டார்ச் அடிப்பதற்கும், விளக்கைக் கையில் பிடித்து அறைக்குள் போவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அவரும் சக மருத்துவர்களும் எடுத்த பொருட்களில் 2,374 இன்றும் பிலடெல்பியாவில் உள்ள முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு உயிரின் ரசீது மாதிரி.

இந்த வித்தையை மற்ற டாக்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமே, எப்படி? முதலில் ரப்பர் குழாயில், பிறகு பிணத்தில். ஆனால் பிணம் மூச்சு விடாது, இருமாது. உயிருள்ள மூச்சுக்குழாய் அசைந்துகொண்டே இருக்கும், சளி மறைக்கும், நெஞ்சு துடிக்கும். அந்தப் பழக்கத்தைக் குழந்தைகளின் உடம்பில் பெற முடியாது, பெறவும் கூடாது என்று ஜாக்சன் 1922இல் வெளியான தன் பாடநூலில் எழுதுகிறார். அதற்கு அவர் சொல்லும் வழி நாய். மூன்று முதல் நாலரை கிலோ எடையுள்ள சிறிய நாயாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, மார்பின் ஊசி போட்டு, அதற்கு வலியோ தீங்கோ நேராமல் அதன் மூச்சுக்குழாயில் கை பழக வேண்டும் என்கிறார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு கிலோ நாய் என்றால் ஜிம்மி மாதிரி ஒரு நாய். பெயர் தெரியாத அந்த நாய்களின் தொண்டையில் பழகிய கைகள்தான், பிறகு குழந்தைகளின் தொண்டையிலிருந்து ஊக்கையும் கடலையையும் எடுத்தன. நம் வீட்டுப் பேரக்குழந்தை கடலையை உள்ளே இழுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்களே, அந்தத் திறமையின் அஸ்திவாரத்தில் அந்த நாய்களும் இருக்கின்றன.

ஜாக்சனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேதனை கொடுக்காதே என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் வாங்கியது வாங்கியதுதான். வங்கியில் நல்ல காரியத்துக்கு வாங்கிய கடனையும் திருப்பித்தான் கட்ட வேண்டும்.

வளையக் கற்றுக்கொண்ட வெளிச்சம்

கில்லியன், ஜாக்சன் இருவரின் குழாய்களும் நேரான உலோகக் குழாய்கள். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தால்தான் போகும். நுரையீரலின் கிளைகளோ மரத்தின் கிளைகள்போல வளைந்து பிரிகின்றன. உலோகக் குழாய் வளையாது. வெளிச்சமும் நேராகத்தான் போகும். பிறகு எப்படி?

இங்கே நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்யப் போனார். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் கட்டாகக் கட்டினால், ஒரு முனையில் விழும் படம் இழைகளுக்குள்ளேயே மோதி மோதி, கட்டு வளைந்தாலும் மறுமுனைக்கு வந்துவிடும் என்று இருவரும் காட்டினார்கள். 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. ஒளியிழையில் தகவல் அனுப்பும் ஆராய்ச்சிக்காக 2009இல் சார்லஸ் காவோவுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது, கபானிக்கு இல்லையே என்று வருந்தியவர்கள் பலர். 2020இல் அவர் காலமானபின் 2021இல் நம் அரசு பத்ம விபூஷண் அறிவித்தது. இன்று நம் வீடுகளுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் பைபர் கேபிளுக்கும் ஜிம்மியின் தொண்டைக்குள் போன குழாய்க்கும் தாத்தா ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், இழைகளிலிருந்து வெளிச்சம் கசியாதபடி ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியிலேயே உறை போட்ட கட்டைத் தன் குழுவினருடன் சேர்ந்து உருவாக்கினார். 1957இல் அந்தக் குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். அது வயிற்றுக்கான கருவி. மூச்சுக்குழாய்க்கு இன்னும் மெல்லியதாக வேண்டும். டோக்கியோவில் தேசியப் புற்றுநோய் மையத்தில் இருந்த ஷிகெடோ இகேடா அதைச் செய்யச் சொல்லி ஜப்பானியக் கருவி நிறுவனங்களைக் கேட்டு, 1966இல் வளையும் பிராங்கோஸ்கோப்பை கோபன்ஹேகன் மாநாட்டில் உலகுக்குக் காட்டினார். 1980களில் குழாயின் முனையிலேயே சின்னக் கேமரா வந்தது. அதுவரை ஒரு டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தது, இப்போது அறையில் உள்ள எல்லோரும் பார்க்கும் திரைப்படமானது. கதவருகே நின்ற நான்கூடப் பார்த்தேன்.

முதல் தவணை

இனி, திருப்பிக் கட்டிய கதை.

1970இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில், நாய்க்கும் பூனைக்கும் பிராங்கோஸ்கோபி செய்வது பற்றி ஓ'பிரையன் என்ற கால்நடை மருத்துவர் எழுதினார். இந்த முறை நாயின் தொண்டையில் குழாய் போனது நாய்க்காகவே. கில்லியன் எலும்பை எடுத்து 73 வருடம் கழித்து!

ஏன் இவ்வளவு தாமதம் என்று நீங்கள் கேட்கலாம். பணம் ஒரு காரணம். மனிதர்களுக்கே போதாத கருவியை நாய்க்கு யார் வாங்குவார்கள்? இன்றும் பல இடங்களில் சிறிய பிராணிகளுக்குப் பயன்படுவது மனிதக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட பிராங்கோஸ்கோப்தான். குழந்தைகளுக்காக நாயிடம் பழகினார்கள், இப்போது குழந்தைகளின் கருவி நாய்க்கு வந்திருக்கிறது. கணக்கில் இதைவிட நேரான எதிர்ப்பதிவு உண்டா?

இன்னொரு காரணம் மயக்கம். நமக்குத் தொண்டையை மரக்கச் செய்து, "அசையாமல் இருங்க சார்" என்று சொன்னால் போதும். நாயிடம் சொல்ல முடியுமா? ஒரு கடி கடித்தால் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி போய்விடும். அதனால் முழு மயக்கம் அவசியம். ஏற்கெனவே மூச்சுத் திணறும் பிராணிக்கு மயக்கம் கொடுப்பது கத்தி மேல் நடப்பதுபோல. கொரோனா காலத்தில் நம் எல்லோர் வீட்டிலும் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்ஸிமீட்டர், அதையே ஜிம்மியின் நாக்கில் மாட்டியிருந்தார்கள். குழாய் உள்ளே போவதற்கு முன் சில நிமிடம் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பூனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் குரல்வளை தொட்டவுடனே இறுகிக்கொள்ளும், மரக்கும் மருந்தை முதலிலேயே விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

நமது மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அந்நாளில் கால்நடை மருத்துவம் என்றாலே முதலில் குதிரையும் மாடும்தான், ராணுவத்துக்கும் விவசாயத்துக்கும் வேண்டியவை. வீட்டு நாயும் பூனையும் அந்த வரிசையில் முன்னுக்கு வர வெகுகாலம் பிடித்தது. இன்று வேப்பேரியில் அதன் மருத்துவமனை வாசலில் காலையில் நின்று பாருங்கள், ஆட்டோவிலும் காரிலும் மடியில் வைத்துக்கொண்டு வருகிற கூட்டம் புரியவைக்கும்.

குழாய் என்ன பார்க்கிறது?

நாயின் மூச்சுக்குழாய், வாக்யூம் கிளீனர் குழாய் மாதிரி வளையம் வளையமாக இருக்கும். ஏறக்குறைய 35 முதல் 45 குருத்தெலும்பு வளையங்கள். ஆனால் முழு வட்டம் கிடையாது, முதுகுப் பக்கம் திறந்திருக்கும். அந்த இடைவெளியை ஒரு மெல்லிய தசைச் சவ்வு மூடியிருக்கிறது. சிறிய இன நாய்கள் சிலவற்றுக்கு வயதாக ஆக வளையங்கள் வலுவிழந்து தட்டையாகின்றன. சவ்வு தளர்ந்து தொங்குகிறது. காற்றுப் போகும் வழி கால் பங்கு குறைந்தால் முதல் நிலை, பாதி குறைந்தால் இரண்டாம் நிலை, முக்கால் பங்கு குறைந்தால் மூன்றாம் நிலை, முழுக்க ஒட்டிக்கொண்டால் நான்காம் நிலை. ஜிம்மிக்கு மூன்றாம் நிலை. வாத்து கத்துவது போன்ற அந்த இருமல் இந்த நோயின் அடையாளமாம்.

எக்ஸ்ரேயில் தெரியாதா என்று நான் கேட்டேன். எக்ஸ்ரே ஒரு நொடியின் படம். இந்த நோயோ மூச்சோடு மாறுவது. கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போது ஒடுங்கும், மார்புப் பகுதி மூச்சை விடும்போதும் இருமும்போதும் ஒடுங்கும். படம் எடுத்த நொடியில் வழி திறந்திருந்தால் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். அசைவதைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

வேறு விஷயங்களும் அகப்படும். காலி மனைப் புல்லில் விளையாடும் நாய்கள் சில சமயம் புல்விதையை உள்ளே இழுத்துவிடும். நம் கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி முள் வைத்த விதைகள். முள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால், இருமினால் வெளியே வராமல் உள்ளேதான் நகரும். கில்லியன் செய்ததுபோலவே இடுக்கி விட்டுத்தான் எடுக்க வேண்டும். சில சமயம் சுத்தமான உப்புநீரைக் கொஞ்சம் உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, அதில் என்ன கிருமி, என்ன அணுக்கள் என்று பார்த்து மருந்து முடிவு செய்கிறார்கள். நாலு மாதம் குத்துமதிப்பாக இருமல் மருந்து கொடுப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பக் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஒரு பக் ஓடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன்பின் ஊரெல்லாம் பக். தட்டை முகம் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மனிதர்கள்தான் அந்த இனத்தின் முகத்தைச் சுருக்கினார்கள். எலும்பு சுருங்கியது, ஆனால் உள்ளே இருக்கும் மேலண்ணச் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் கீறல் மாதிரி, தொண்டையில் சதை திரை மாதிரி. நாய்க்கு நம்மைப்போல் வியர்த்துக் குளிர வழியில்லை, நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. இரைக்கவே வழி குறுகலாக இருந்தால் நம் ஊர் மே மாதத்தில் அது என்ன செய்யும்? நெதர்லாந்தில் முகம் மிகவும் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று 2019 முதல் கடுமையாகவே பார்க்கிறார்கள். உங்கள் பக் விடும் குறட்டையை ரசிப்பதற்கு முன் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நம் பங்கு

ஜிம்மிக்கு டாக்டர் எழுதிய மருந்துகளில் முதல் வரி, எடை குறைய வேண்டும் என்பது. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் குழாயை இன்னும் அழுத்துமாம். "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். டீச்சர் அம்மா சொன்ன அளவு மிகக் குறைவு. பிறகு எப்படி இவ்வளவு எடை? திரும்பி வரும்போது ஆட்டோவில் கணக்குப் போட்டோம். காலையில் வாட்ச்மேன் ஒரு பன், பால்காரர் கொஞ்சம் பால், ஏ பிளாக் குழந்தைகள் சிப்ஸ், வாக்கிங் போகும் பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு மேரி பிஸ்கட். அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன். புகாரில் கையெழுத்துப் போட்ட கைதான் தினமும் பிஸ்கட்டும் போட்டது.

அதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சில சின்ன விஷயங்கள்தான். யார் வீட்டு நாய்க்கும் வளர்ப்பவரைக் கேட்காமல் தின்னக் கொடுக்காதீர்கள். வளர்ப்பவர்கள் கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையில் கயிற்றைக் கட்டுங்கள், சிறிய நாய்களுக்குக் கழுத்தை இழுப்பதே நோயை வளர்க்கும். கொசுவத்தியும் சாம்பிராணியும் நாய் படுக்கும் அறையில் வேண்டாம். கொசுப்புகை அடிக்க ஆள் வரும் நாளை சங்கம் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் தெரிவிக்கும், செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். எல்லா நாய்க்கும் குழாய் பரிசோதனை தேவைப்படாது. தேவையா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை பக்கத்து வீட்டிலிருந்து இரவில் சத்தம் வந்தால், கடிதம் எழுதுவதற்கு முன் கதவைத் தட்டி, "என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் புகார்க் கடிதத்தை ஐந்து பேரும் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஜிம்மி இரண்டு கிலோ குறைந்திருக்கிறான். நோய் முழுக்கப் போகாது, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. இரவில் எப்போதாவது அந்த வாத்துச் சத்தம் கேட்கிறது. எனக்கு விழிப்பு வந்தால் எத்தனை முறை இருமுகிறான் என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் எண்ணிக்கையை டீச்சர் அம்மாவிடம் சொல்வேன், அவர் நோட்டில் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுவார். போன மாதம் பெரும்பாலான இரவுகளில் பூஜ்யம்.

அந்த நாய்களுக்கு நான் கட்டும் தவணை இவ்வளவுதான்.